சட்டத்தை வீழ்த்துதல்

ஆங்கிலத்தில் ஒரு வினை, சிறுசொல் ஒன்றனோடு கூடிப் புதுப்பொருள் தருவதுண்டு. 'ஸ்ட்ரைக்' என்பது அடித்தல். 'டவுன்' என்பது கீழே. இரண்டும் கூடிய 'ஸ்ட்ரைக் டவுன்' என்னும் தொடர், பொதுவழக்கில் அடித்து வீழ்த்துதலைக் குறிக்கும். நீதிமன்ற வழக்கிலோ, அரசியலமைப்புக்கு முரணான சட்டத்தையோ அதன் பிரிவையோ செல்லாதென அறிவித்தலைக் குறிக்கும். இதற்கு எழுவாயாக வருவது நீதிமன்றமே. சட்டம் இயற்றிய அவையே அதனை நீக்குமாயின், அதற்கு 'ரிப்பீல்' என்பது சொல்.

எழுதியதைக் கோடிட்டு நீக்குவதையும் தமிழில் 'அடித்தல்' என்கிறோம். அப்பொருளை இங்குக் கொள்ளலாகாது. அதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரைக் அவுட்' என்னும் வேறு தொடர் உண்டு. வீழ்த்தப்பட்ட சட்டத்தின் எழுத்துகள் நூலில் அப்படியே நிற்கும். அவற்றுக்கு ஆற்றல்தான் இராது.

இவ்வேறுபாடு மக்களின் உரிமையையே தொடுவதாகும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு பேச்சுரிமைக்கு முரணானதெனக் கூறி, இந்திய உச்சநீதிமன்றம் 2015ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள் அதனை வீழ்த்தியது. ஆயினும், அச்சிட்ட சட்ட நூல்களில் அப்பிரிவு இருந்தது. வீழ்ந்த செய்தி அடிக்குறிப்பில் கிடந்தது. அடிக்குறிப்பைப் படிப்பவர் சிலரே அல்லரோ! காவல்துறையினர் பல இடங்களில் அப்பிரிவின்கீழ்த் தொடர்ந்து வழக்குகள் பதிந்தனர். அதன்கீழ் எவர்மீதும் வழக்குத் தொடரலாகாதென 2022இல் உச்சநீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. 2023இல் நாடாளுமன்றம் இயற்றிய திருத்தச் சட்டத்தால்தான் அவ்வெழுத்துகளும் நூலைவிட்டு நீங்கின.