உங்களுக்குத் தெரியுமா? மாத்திரைக்குள் ஒரு சர்க்கரை வளையம்

● விழுங்கிய மருந்து ரத்தத்தில் சேர வேண்டுமானால் முதலில் அது கரைய வேண்டும். தண்ணீரோடு ஒட்டாத மருந்துகள் ஏராளம். கரையாத பங்கு குடலைக் கடந்து அப்படியே வெளியேறிவிடும். ஆய்வுக்கூடத்தில் கிருமியைக் கொன்ற மருந்து நோயாளியின் வயிற்றில் தோற்றுப்போவது இதனால்தான். அப்படிப்பட்ட மருந்துகளுக்குத் தோள் கொடுக்கும் பொருள்களில் ஒன்று சைக்ளோடெக்ஸ்ட்ரின்.

● இது மாவுச்சத்திலிருந்து வருவது. 1891-இல் பிரெஞ்சு வேதியியலாளர் அந்துவான் வில்லியே மாவுச்சத்தைப் பாக்டீரியாவால் சிதைத்துப் பார்த்தார். 1,000 கிராமுக்குச் சுமார் 3 கிராம் படிகம் மிஞ்சியது. அதன் பிறகு, கெட்டுப்போன உணவில் வளரும் நுண்ணுயிர்களை ஆராய்ந்த ஆஸ்திரியர் ஃபிரான்ஸ் ஷார்டிங்கர் கையிலும் அதே படிகங்கள் சிக்கின.

● 6, 7 அல்லது 8 குளுக்கோஸ் மூலக்கூறுகள் கைகோத்து நிற்கும் வளையம் இது. முறையே ஆல்ஃபா, பீட்டா, காமா. பார்வைக்கு அடி திறந்த வாளி மாதிரி. வெளிப்புறம் தண்ணீரோடு ஒட்டும், உட்புறம் ஒட்டாது. தண்ணீரை வெறுக்கும் மருந்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். வேதிப் பிணைப்பு எதுவும் இல்லாததால், உடலில் நீர்த்துப் போனதும் மருந்து தானாக வெளியே வந்துவிடும்.

● விலை குறைவு, பல மருந்துகளுக்கு அளவாகப் பொருந்தும் குழி என்று எல்லாம் இருந்தும் பீட்டா வகைக்கு ஒரு குறை உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் ஆல்ஃபா 145 கிராம், காமா 232 கிராம் கரையும். பீட்டா வெறும் 18.5 கிராம். ஊசி வழியே செலுத்தினால் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அதனால் அதன் ஓரங்களில் வேறு வேதித் தொகுதிகளை ஒட்டிக் கரைதிறனைப் பல மடங்கு கூட்டியிருக்கிறார்கள்.

● சைக்ளோடெக்ஸ்ட்ரின் சேர்த்த முதல் மருந்து 1976-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது.

● எல்லா மருந்துக்கும் இது ஒத்துவராது. மூட்டுவலிக்கான பைராக்சிகம் 20 மில்லிகிராமைச் சுமக்கும் பீட்டா கூட்டுப்பொருளின் எடை 191.2 மில்லிகிராம்! ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் தர வேண்டிய மருந்தென்றால் மாத்திரையை யார் விழுங்குவது? அளவு மிஞ்சினாலும் வம்புதான். சைக்ளோடெக்ஸ்ட்ரின் கூடிப்போனால் மருந்து வளையத்தை விட்டு இறங்காமல், குடல் உறிஞ்சுவது குறைந்துவிடும்.

● படர்தாமரைக்கு நம்மூர் தோல் மருத்துவர்கள் அடிக்கடி எழுதித் தருவது இட்ராகோனசோல். வழக்கமான கேப்ஸ்யூலை வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு போட வேண்டும்; கரைவதற்கு உணவும் வயிற்று அமிலமும் தேவை. வாயுத் தொல்லை என்று அமிலம் குறைக்கும் மாத்திரையையும் கூடவே போட்டுக்கொண்டால் பலன் குறையும். இதே மருந்து சைக்ளோடெக்ஸ்ட்ரினில் கரைத்த திரவமாக வந்தால் விதி தலைகீழ்: வெறும் வயிற்றில்தான் குடிக்க வேண்டும்.

● 2021-இல் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் கொரோனாவுக்கான ரெம்டெசிவிர் வாங்க மக்கள் கால்கடுக்க நின்றது மறக்கக்கூடியதா? அந்தத் தூள் மருந்துக் குப்பியில் ரெம்டெசிவிர் 100 மில்லிகிராம்தான். அதைக் கரைய வைக்கும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் 3 கிராம், அதாவது முப்பது மடங்கு. செவிலியர் 19 மில்லி ஊசித் தண்ணீரைச் செலுத்தி, அரை நிமிடம் குலுக்கி, நுரை அடங்க இரண்டு மூன்று நிமிடம் வைத்திருந்தால் தெளிந்த திரவம் கிடைக்கும். இந்த வளையம் சிறுநீரில் வெளியேறுவது என்பதால் சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கொடுக்கத் தொடக்கத்தில் தயங்கினார்கள். 2023-இல் அமெரிக்காவில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது.

● துணைக்கு வந்தது மருந்தாகவே மாறிய கதையும் உண்டு. நீமன்-பிக் சி என்பது உயிரணுக்களுக்குள் கொழுப்பு தேங்கி, குழந்தைகளின் நடையையும் பேச்சையும் பறித்துக்கொள்ளும் அரிய பரம்பரை நோய். அந்நோயுள்ள எலிகளுக்கு ஒரு ஹார்மோனைச் சைக்ளோடெக்ஸ்ட்ரினில் கரைத்துக் கொடுத்தார்கள். எலிகள் கூடுதல் நாள் வாழ்ந்தன. பிறகு ஹார்மோன் இல்லாமல் வளையத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தால் அப்போதும் பலன் தெரிந்தது! தேங்கிய கொழுப்பை விடுவித்தது அதுதான். குழந்தைகளுக்கு முதுகுத்தண்டு வழியாகச் செலுத்திச் சோதித்தபோது செவித்திறன் குறைவது பெரிய தடையாக நின்றது. பெற்றோர் காத்திருக்கும் ஒரு நோயில் இந்தத் தடை மனதை வாட்டுகிறது.

● அறுவை சிகிச்சையில் தசைகளைத் தளர்த்த ரோகுரோனியம் போடுவார்கள். ஸ்காட்லாந்தில் ஆர்கனான் நிறுவன ஆய்வாளர் ஆன்டன் பாம், இவ்வகை மருந்துகளைக் கரைக்க வழி தேடியபோது ஒரு யோசனை பிறந்தது. கரைக்கும் வளையம் மருந்தை இறுகப் பிடித்துக்கொண்டால் அதன் வேலையே நின்றுவிடுமே! காமா வளையத்தில் எட்டுக் கைகளை நீட்டி உருவாக்கியதுதான் சுகமாடெக்ஸ். ஐரோப்பாவில் 2008-லும், அமெரிக்காவில் 2015-லும் ஒப்புதல் பெற்றது. ரத்தத்தில் ஓடும் ரோகுரோனியத்தைச் சிறைபிடித்து நிமிடங்களில் தசைகளுக்கு உயிர் கொடுத்துவிடும்.

● சுகமாடெக்ஸ் கருத்தடை ஹார்மோனையும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு இது ஒரு வேளை மாத்திரையைத் தவறவிட்டதற்குச் சமம். ஹார்மோன் ஊசியோ வேறு ஹார்மோன் சாதனமோ பயன்படுத்துபவர்கள் அடுத்த 7 நாள்கள் ஆணுறை போன்ற ஹார்மோன் அல்லாத வழியையும் சேர்த்துக் கையாள வேண்டும். மயக்க மருந்து கொடுத்தவர் இதை வாய்விட்டுச் சொல்லாவிட்டால், வீடு திரும்பும் முன் நாமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.