நாலு பேரும் ஒரு கானகமும்

ஒரு தாளில் பத்துக் கோடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக இழுத்து, ஒவ்வொரு கோட்டின்மேலும் ஒரு பொருளின் பெயரை எழுதி, அந்தப் பத்துக்கு மேல் தன்னால் எதையும் சுமக்க முடியாது என்று ஒப்புக்கொண்ட பிறகே ஒருவன் கானகத்துக்குள் அடியெடுத்து வைக்கலாம் என்பதுதான், சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் என் தம்பி மகன் எனக்குக் கற்றுக்கொடுத்த விளையாட்டின் முதல் பாடம். மூன்று நாள் உணவு, ஒரு தீவட்டி, கயிறு, வாள், குந்தாலி, உடம்பில் போட்டுக்கொள்ளப் பஞ்சு வைத்துத் தைத்த மேலங்கி என்று ஆறு கோடுகளை நிரப்பிவிட்டு ஏழாவதுக்கு என்ன எழுதலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, "பெரியப்பா, மிச்சத்தைக் காலியாகவே விட்டுவிடுங்கள், திரும்பி வரும்போது தேவைப்படும்" என்றான் அவன். திரும்பி வருவது நிச்சயமில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

சதுரங்கத்தில் அதிருஷ்டத்துக்கு இடமில்லை. பரமபதத்தில் அதைத் தவிர வேறொன்றுக்கும் இடமில்லை. இந்த விளையாட்டு இரண்டிலும் சேராதது. இதற்குப் பலகை கிடையாது, காய்கள் கிடையாது, ஜயித்தவர் தோற்றவர் என்ற பேதமும் கிடையாது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருகிறார்கள். ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்றுக்கொள்ள, எஞ்சிய அந்த ஒருவர், பாத்திரங்கள் சஞ்சரிக்கும் உலகம் முழுவதையும், அதாவது மரத்தையும் மழையையும், வழிப்போக்கனையும் ராட்சசனையும், தம் வாய்மொழியாலேயே நடத்திக் காட்டுகிறார். அவர் சூழ்நிலையை விவரிக்கிறார். ஆட்டக்காரர்கள் தாங்கள் செய்வதைச் சொல்கிறார்கள். அதன் விளைவை அவர் சொல்கிறார். ஆட்டம் முழுவதும் இந்தச் சம்பாஷணைதான்.

நாங்கள் ஆடியதன் பெயர் 'கேர்ன்'. யோகாய் கால் என்பவர் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறு புத்தகம் அது. மலைப்பாதையில் வழியடையாளமாகவோ இறந்தவரின் நினைவாகவோ குவித்து வைக்கும் கற்குவியலுக்கு ஸ்காட்லாந்து மக்கள் வழங்கும் பெயரையே அவர் தம் ஆட்டத்துக்கு வைத்தார். கிறிஸ் மெக்டவல் 2014-இல் வெளியிட்ட 'இன்டு தி ஆட்' என்ற ஆட்டத்திலிருந்தும், பென் மில்டன் 2018-இல் வெளியிட்ட 'நேவ்' என்ற ஆட்டத்திலிருந்தும் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு அவர் இதை அமைத்தார். அதன் வாசகத்தை இலவசமாகவே படிக்கலாம். மூலத்தைக் குறிப்பிட்டு, தாம் செய்த மாற்றங்களையும் அதே உரிமையுடன் பிறருக்கு விட்டுக்கொடுக்கச் சம்மதிப்பவர் எவரும் அதைத் திருத்தலாம், மொழிபெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம். விதிகள் மிகக் குறைவு. ஒரு பிற்பகலில் படித்து, அதே மாலையில் ஆடத் தொடங்கிவிடலாம்.

பாத்திரத்தைச் சிருஷ்டிப்பதற்குக் கால்மணி நேரம் போதும். பலம், லாகவம், மனோதிடம் என்று மூன்றே குணங்கள். ஒவ்வொன்றுக்கும் சாதாரண ஆறுமுகப் பகடை மூன்றை உருட்டிக் கூட்டிக்கொள்ள வேண்டியது. எனக்குப் பலம் 9, லாகவம் 8, மனோதிடம் 14 என்று விழுந்தன. இன்னொரு பகடையை உருட்டினால் 'அடிகாப்பு' என்று நாம் சொல்லக்கூடிய ஓர் எண் கிடைக்கும். அது உடலின் ஆரோக்கியத்தைக் குறிப்பதன்று, வரும் அடியிலிருந்து விலகித் தப்பித்துக்கொள்ளும் சாமர்த்தியத்தைக் குறிப்பது. ஆகையால் சண்டை ஓய்ந்தபின் சற்றே உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தால் இழந்ததெல்லாம் திரும்பிவிடும். எனக்கு 4 கிடைத்தது. என் பாத்திரம் முன்பு சுரங்கத்தில் வேலை செய்தவன் என்பதையும் பகடையே நிர்ணயித்தது. வீரன், மந்திரவாதி, திருடன் என்ற வகுப்புகள் இதில் இல்லை. கையில் எது இருக்கிறதோ அதுவே ஒருவனை இன்னானென்று காட்டும். மந்திரப் புத்தகத்தை இரு கைகளாலும் ஏந்தி உரக்கப் படிக்கத் தயாராயிருப்பவன் எவனும் மந்திரவாதிதான். ஆனால் படித்து முடித்ததும் 'களைப்பு' வந்து அவனுடைய பத்துக் கோடுகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். உழைப்பினால் வரும் அசதியை மூட்டையில் இருக்கும் சாமானோடு சாமானாக எழுதச் செய்தது எவ்வளவு அழகான யோசனை என்று நான் அன்றிலிருந்து நினைத்து நினைத்து வியந்துகொண்டிருக்கிறேன்.

ஆபத்தான காரியத்தைச் செய்யத் துணியும்போதுதான் இருபது முகங்கள் கொண்ட பகடையை உருட்ட வேண்டும். நெல்லிக்காய் அளவில், முக்கோணங்களாலேயே ஆன அழகிய உருண்டை அது. அதில் விழும் எண் நம்முடைய குணத்தின் எண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் தப்பித்தோம். மற்றபடி பார்ப்பதற்கும், கேட்பதற்கும், ஊகிப்பதற்கும் பகடையே வேண்டாம். இந்த இடத்தில் புத்தகம் கண்டிப்பாக இருக்கிறது: வார்டன் என்று பெயர் பெற்ற நடத்துநர், ஆட்டக்காரர் கேட்கும் விஷயங்களைத் தாராளமாகச் சொல்லிவிட வேண்டும், வரப்போகும் அபாயத்துக்கு முன்கூட்டியே அடையாளம் காட்ட வேண்டும். அன்று காட்டுக்குள் ஓர் ஆற்றங்கரையில், இடிந்த மாவு ஆலையொன்றின் எதிரே நாங்கள் வந்து நின்றபோது, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டே அவ்விடத்தை நாங்கள் கண்டுகொண்டோம். புகை வருகிறதா? வருகிறது. சமையல் வாசனையா? வேகும் இறைச்சியின் வாசனை. வாசலில் யாராவது உண்டா? ஒருவன் ஈட்டியை மடியில் வைத்துக்கொண்டு செருப்பைத் தைத்துக்கொண்டிருக்கிறான். உள்ளே எத்தனை குரல்கள்? காதைக் கொடுத்துக் கேட்டால் நாலு. கோவிலிலிருந்து களவு போன வெண்கல விளக்கு உள்ளேதான் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் நாங்கள் மூவர், அவர்கள் ஐவர்.

மேலே சொல்வதற்குமுன், இந்த ஆட்டத்தின் பூர்வோத்தரத்தையும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். 1824-இல் பிரஷ்ய ராணுவத்தைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி, தம் தந்தையார் தொடங்கிவைத்த ஒரு யுத்த விளையாட்டை விரிவாக்கி, படைகளின் நடைவேகம், பீரங்கியின் தூரம், சேதத்தின் அளவு ஆகிய யாவற்றுக்கும் அட்டவணை போட்டுப் பகடையோடும் மத்தியஸ்தரோடும் வெளியிட்டார். அட்டவணையைப் புரட்டும் நேரம் ஆடும் நேரத்தை விழுங்கிவிட்டது. 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி, பிரான்ஸ் யுத்தத்தில் நேரடி அனுபவம் பெற்றவர், அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு மத்தியஸ்தரின் அனுபவ ஞானத்தையே பிரமாணமாகக் கொள்ளலாம் என்று எழுதினார். விதி பெருத்த ஆட்டமா, விதி சிறுத்த ஆட்டமா என்ற விவாதம் பிறந்தது அந்தச் சேனாதிபதிகளின் கூடத்தில்தான்.

மத்தியஸ்தருக்கு முதலிடம் கொடுத்து டாட்டன் என்ற அமெரிக்க அதிகாரி 1880-இல் வெளியிட்ட 'ஸ்ட்ராட்டெகோஸ்' என்ற பழைய நூலைப் படித்த டேவிட் வெஸ்லி, 1969-இல் மின்னசோட்டா மாநிலத்து இரட்டை நகரத்தில் தம் நண்பர்களைக் கூட்டி, பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மன் ஊரில் ஆளுக்கொரு மனிதராக இருக்கச் செய்தார். படைத்தலைவர்களாக மட்டுமல்லாமல் ஊர்த்தலைவராகவும் சர்வகலாசாலை அதிபராகவும் அவர்கள் தங்களுக்குள் பேசி, சதி செய்து, ஊரையே அமர்க்களப்படுத்திவிட்டார்கள். ஆட்டம் கெட்டுப்போயிற்றே என்று வெஸ்லி வருந்தினாராம். ஆடியவர்களோ மறுபடி எப்போது என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவரான டேவ் ஆர்னசன், அதே முறையைக் கோட்டையும் பாதாளமும் பூதமும் நிறைந்த ஒரு தேசத்துக்குக் கொண்டுபோனார். விஸ்கான்சின் மாநிலத்து கேரி கைகாக்ஸ் அவருடன் சேர்ந்துகொள்ள, 1974-இல் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' மூன்று சிறு புத்தகங்களாக ஒரு பெட்டியில் வெளிவந்தது; முதல் பதிப்பு ஆயிரம் பிரதிகள். மறு ஆண்டிலேயே பீனிக்ஸ் நகரத்து கென் செயின்ட் ஆண்ட்ரே, அந்த விதிகள் வேண்டாத சிக்கல் உடையன என்று கருதி, எந்த வீட்டிலும் கிடைக்கும் ஆறுமுகப் பகடையைக்கொண்டே ஆடக்கூடிய 'டனல்ஸ் அண்டு டிரால்ஸ்' என்பதை எழுதிவிட்டார். ஆகவே எளிய விதிகளின்மேல் உள்ள ஆசை, இந்த விளையாட்டைவிட ஒரே ஒரு வயதுதான் இளையது.

இனி ஆலை வாசலுக்குத் திரும்புவோம். எங்களுள் ஒருத்தி, என் தம்பி மகனுடன் கல்லூரியில் படிப்பவள், 'பிதற்றல்' என்று பெயர் சொல்லத்தக்க ஒரு மந்திரப் புத்தகத்தை வைத்திருந்தாள். அதன் பலனாகப் புத்தகம் கூறுவது இவ்வளவே: ஒரு ஜீவன், மந்திரம் போட்டவர் மனத்தில் நினைப்பதையெல்லாம் உரக்கவும் தெளிவாகவும் சொல்லும், மற்றப்படி ஊமையாயிருக்கும். சண்டையில் இதனால் என்ன பயன் என்று நான் நினைத்தேன். அவள் சிறிது நேரம் தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வாசலில் இருக்கிறவன்மேல் போடுகிறேன். ராஜாவின் குதிரைப்படை ஆற்றைத் தாண்டிவிட்டது, ஓடுங்கள் என்று நினைக்கிறேன்" என்றாள்.

மேசையைச் சுற்றி ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. இந்தச் சந்தர்ப்பத்துக்குப் புத்தகத்தில் விதி ஏதும் எழுதப்படவில்லை, எழுதவும் முடியாது. என் தம்பி மகன் பகடையை எடுக்கவில்லை. "உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்பது தங்கள் கூட்டாளியின் குரல். அதை அவர்கள் ஏன் சந்தேகிக்க வேண்டும்? மூன்று பேர் பின்வாசல் வழியாக ஓடுகிறார்கள். கத்தியவனும் தன் வாய்க்குத் தானே பயந்து காட்டுக்குள் ஓடிவிடுகிறான். ஆனால் தலைவன் தந்திரசாலி. அவனுக்கு மட்டும் மனோதிடச் சோதனை" என்று சொல்லி, எல்லாரும் பார்க்கும்படி இருபதுமுகப் பகடையை உருட்டினான். தலைவனின் மனோதிடம் 12, விழுந்தது 6. அவன் ஓடவில்லை.

விதி குறைந்த ஆட்டம் என்பதற்கு நான் கண்ட பொருள் அந்த ஒரு நிமிஷ மௌனத்தில் இருந்தது. விதிநூல் தடிமனாயிருந்தால் நாங்கள் நால்வரும் அப்போது அதைப் புரட்டியிருப்போம். இல்லாதபடியால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, அவள் சொன்னது நியாயமா, அப்படி நடக்குமா என்று யோசித்தோம். புத்தகம் விட்டுக்கொடுத்த இடத்தை எங்கள் கவனம் வந்து நிரப்பிற்று. எதைச் சொல்வதென்று நடத்துநருக்கே நிச்சயமில்லாதபோது உருட்டுவதற்கென்று 'கேர்ன்' ஓர் ஆறுமுகப் பகடையைக் காட்டுகிறது: நாலும் அதற்கு மேலும் விழுந்தால் ஆட்டக்காரருக்கு அனுகூலம். அதற்கு ஊழின் பகடை என்ற அர்த்தத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். நியமத்தையும் ஊழையும் விதி என்ற ஒரே சொல்லால் குறிக்கும் நாம், அதை விதிப்பகடை என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

இதில் அபாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நடத்துநர் பாரபட்சமுள்ளவராக இருந்தால், விதி குறைந்த ஆட்டத்தில் அவரிடமிருந்து தப்ப வழியில்லை. வாய் சாமர்த்தியம் உள்ளவர் முந்திக்கொள்ள, கூச்ச சுபாவம் உள்ளவர் பின்தங்கிப் போகவும் கூடும். அப்படிப்பட்டவருக்குத் தடித்த விதிநூல் ஒரு கவசம் என்பதை நான் மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறேன். பாத்திரத்தைப் படிப்படியாகத் திட்டமிட்டு வளர்ப்பதிலேயே ஆனந்தம் காண்கிறவர்களும் பலர்; 'கேர்னி'ல் படிகளே இல்லை. பட்ட காயமும் பார்த்த காட்சியுமே ஒருவனை மாற்றும். ஓர் அடி அடிகாப்பைச் சரியாகப் பூஜ்யத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் அதற்கொரு தழும்பு உண்டு. காது செவிடாகிவிடுவது அவற்றில் ஒன்று; ஆனால் அவ்வேளையில் மனோதிடச் சோதனையில் தேறியவனுடைய மனோதிடம் முன்னிருந்ததைவிட உயரும்.

தலைவன் இருந்த அறைக்குள் முதலில் ஓடியவன் நான்தான். யார் முந்துவது என்ற லாகவச் சோதனையில் எனக்கு 17 விழுந்தது, அவன் முந்திக்கொண்டான். இந்த ஆட்டத்தில் ஓங்கிய வாள் தவறுவதே இல்லை. எவ்வளவு ஆழம் பாய்ந்தது என்பதற்கு மட்டுமே பகடை. எட்டுமுகப் பகடையில் 7 விழ, பஞ்சு மேலங்கி ஒன்றைத் தாங்கிக்கொள்ள, என் அடிகாப்பு நாலும் போய், மிச்சம் இரண்டு என் பலத்தில் விழுந்து, 9 என்றிருந்தது 7 ஆயிற்று. உடனே பலச் சோதனை. 15 விழுந்தது. "பெரியப்பா, நீங்கள் தரையில் கிடக்கிறீர்கள். தவழ்வதைத் தவிர உங்களால் ஒன்றும் முடியாது. ஒரு மணி நேரத்துக்குள் யாரும் கவனிக்காவிட்டால்..." என்று இழுத்தான் அவன். தாளில் எழுதிய ஓர் எண் அழிந்ததற்கு என் உள்ளங்கை வியர்த்ததை நான் பிறகுதான் கவனித்தேன்.

மற்ற இருவரும் சேர்ந்து தாக்கினார்கள். இரண்டு பகடைகளை ஒன்றாக உருட்டிப் பெரியதைக் கொள்வது முறை. தலைவன் விழுந்தான். மூலையில் சாக்கு போர்த்தி வைத்திருந்தது அந்த வெண்கல விளக்கு, ஓர் ஆள் இடுப்பளவு உயரம். அவ்வளவு பெரிய சாமான் இரண்டு கோடுகளை அடைக்கும். அந்தப் பெண் தன் தாளை எண்ணிப் பார்த்தாள்: ஏழு சாமான்கள், மந்திரம் படித்த களைப்பு ஒன்று, விளக்குக்கு இரண்டு, ஆகப் பத்து. பத்தும் நிரம்பினால் அடிகாப்பு பூஜ்யமாகிவிடும். அதையும் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் ஓடியவர்கள் குதிரைப்படையைக் காணாமல் எந்த நிமிஷமும் திரும்பி வரலாம், என்னைத் தூக்கவோ இருவருடைய நாலு கைகளும் வேண்டும்.

"அங்கிளா, விளக்கா?" என்று கேட்டான் அவளுடைய தோழன், எனக்குக் கேட்காத மாதிரி மெல்லிய குரலில். அவள் பதில் சொல்லாமல் ஆலைச் சக்கரத்தைப் பற்றி விசாரித்தாள். அது உடைந்து பாதி தண்ணீருக்குள் சாய்ந்திருக்கிறதென்றும், அதனடியில் ஓர் ஆள் புகுமளவு இடம் உண்டென்றும் என் தம்பி மகன் சொன்னான். விளக்கைச் சாக்கோடு அங்கே உருட்டிவிட்டு, என்னை ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டு அவர்கள் காட்டுக்குள் இறங்கியபோது வீட்டுக்குள்ளிருந்து காபி வந்துவிட்டது. என் தம்பி மகன் தன் நோட்டுப் புத்தகத்தில், 'விளக்கு: சக்கரத்துக்கு அடியில். நாலு பேருக்குத் தெரியாது' என்று எழுதிக் கீழே கோடு போட்டுக்கொண்டான்.