விசா வரும் முன் டிக்கெட் எடுக்காதீர்கள்

திருவண்ணாமலைக்குப் பிரான்ஸ் புதிய பெயரல்ல. ரமணாசிரமத்தைச் சுற்றியும் செங்கம் சாலையிலும் பிரெஞ்சுக்காரர்கள் மாதக்கணக்கில் தங்கிப் போகிறார்கள். செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சுமார் நூறு கிலோமீட்டர் போனால் புதுச்சேரியில் பிரெஞ்சுத் துணைத் தூதரகமே இருக்கிறது. ஆனாலும் முதல் முறையாகக் குடும்பத்தோடு பத்து நாள் பிரான்ஸ் போய்வர நினைப்பவர்கள் பயப்படுவது பாரிஸ் மெட்ரோவின் பிக்பாக்கெட்டுக்கும் பாஷைக்கும் சாப்பாட்டுக்கும்தான். அந்தப் பயங்களில் நியாயம் உண்டு. ஆனால் பெரிய இழப்பு பெரும்பாலும் அங்கே நேர்வதில்லை, விமானம் ஏறுவதற்கு முன்பே இங்கே நேர்ந்துவிடுகிறது. திரும்பி வராத பணத்தை விசா முடிவு தெரிவதற்குள் கட்டிவிடுவதும், படிக்காத தாளில் கையெழுத்துப் போடுவதும்தான் அதற்குக் காரணம். எந்தப் பணத்தை எப்போது கட்டுவது என்ற வரிசையை முதலிலேயே சரியாக வைத்துக்கொண்டால் மற்ற சிக்கல்களுக்கெல்லாம் சட்டத்தில் ஏதோ ஒரு வழி இருக்கிறது.

பிரான்ஸ் சுற்றுலாவுக்குத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் 45 நாள் வரை ஆகும். 2024 ஜூன் முதல் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு முதல் பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 45 யூரோ, ஆறு வயதுக்குக் கீழே இலவசம். கணவன், மனைவி, எட்டு வயதில் ஒன்றும் நான்கு வயதில் ஒன்றுமாக இரண்டு பிள்ளைகள் என்றால் 225 யூரோ. விண்ணப்பம் வாங்கும் மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பாது, அது விண்ணப்பப் படிவத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனால் விமானச் செலவும் ஓட்டல் செலவும் போவதற்கு எந்த விதியும் காரணமில்லை. விசா கேட்க முன்பதிவைக் காட்டினால் போதும், பணம் முழுக்கக் கட்டிய டிக்கெட் தேவையில்லை. ரத்து செய்தால் பணம் திரும்பும் ஓட்டல் பதிவும் செல்லும். காத்திருந்தால் டிக்கெட் விலை ஏறிவிடும் என்பார்கள். உண்மைதான், ஏறும். அதற்கு விடை முன்கூட்டியே டிக்கெட் எடுப்பதல்ல, முன்கூட்டியே விண்ணப்பிப்பது. பயணத்துக்கு மூன்று, நான்கு மாதம் முன்பே விண்ணப்பம் போய்விட்டால், விசா வந்த பிறகு டிக்கெட் தேட அவகாசம் கிடைக்கும்.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் விண்ணப்பிப்பவரின் உறுதிமொழி இருக்கிறது: தந்த விவரமெல்லாம் சரி, பொய் என்று தெரிந்தால் விசா மறுக்கப்படலாம், வந்த விசாவும் ரத்தாகலாம். அதில் கையெழுத்திடுவது ஏஜெண்ட் அல்ல, நீங்கள், பிள்ளைகளுக்காகவும் நீங்கள்தான். போலி டிக்கெட், கடைசி வாரத்தில் யாரிடமோ கடன் வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டிய இருப்பு ஆகியவற்றின் பழியும் உங்கள் தலையில்தான் விழும். நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. இனிஷியல் வழக்கத்தால் கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோருக்கும் பாஸ்போர்ட்டில் ஒரே குடும்பப் பெயர் இருப்பதில்லை. திருமணச் சான்றும் பிறப்புச் சான்றும் சேர்த்து வைத்தால் உறவு தெளிவாகும். டிக்கெட்டிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். தாத்தா, பாட்டியும் வருகிறார்கள் என்றால் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் மறைக்காமல் எழுதி, ஏற்கெனவே உள்ள நோய்க்கு அந்த பாலிசி பணம் தருமா என்று கேட்டு வாங்குங்கள். விசா மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்; தங்குமிட விவரம் போதவில்லை, பணவசதி நிரூபிக்கப்படவில்லை, திரும்பி வருவாரா என்ற ஐயம் என்று வரிசையாக உள்ள காரணங்களில் பொருந்துவது குறிக்கப்பட்டிருக்கும். 30 நாளுக்குள் பிரான்சின் நாந்த் நகரில் உள்ள விசாப் பிரிவுக்குப் பிரெஞ்சு மொழியில் மேல்முறையீடு அனுப்பலாம். குறுகிய சுற்றுலாவுக்கு, குறையைச் சரிசெய்து மறுபடி விண்ணப்பிப்பதே பெரும்பாலும் வேகமான வழி என்பது என் கணிப்பு.

ஆங்கிலப் படிவமெல்லாம் நமக்கு ஒத்துவராது, ஏஜெண்ட் இல்லாமல் முடியாது என்று சொல்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். உதவி வாங்குவது தவறே இல்லை. ஆனால் விசா நிச்சயம் என்று யார் சொன்னாலும் அது பொய். முடிவு தூதரகத்தினுடையது, விண்ணப்பத்தை வாங்கி அனுப்பும் மையத்துக்குக்கூட அதில் பங்கில்லை. பேக்கேஜ் என்றால், விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில் திரும்பும் என்பதை ரசீதிலோ மின்னஞ்சலிலோ எழுதி வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள். ஏமாந்தால் சென்னைக்கோ மும்பைக்கோ அலைய வேண்டுமே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்த அலைச்சலை நீக்கிவிட்டது. நிறுவனம் எங்கிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆணையத்தில் வழக்கு இழுக்கும் என்பது சரியான ஆட்சேபம்தான். அதனால்தான் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யச் சொல்கிறேன்.

பயணத் திட்டத்தையும் இதே கணக்கில் பார்க்க வேண்டும். பத்து நாளில் நாலு நாடு என்றால் முன்பணம் கட்டும் இடங்கள் பெருகும், ஒரு ரயில் தவறினால் மற்றதெல்லாம் சரியும். பாரிஸில் மூன்று இரவு, பிறகு லுவார் ஆற்றங்கரையில் தூர் நகரில் தங்கி ஷாம்போர், ஷெனோன்சோ அரண்மனைகள் என்று ஒரே வட்டாரத்தோடு நிறுத்திக்கொள்வது முதல் முறைக்குப் போதும். பாரிஸிலிருந்து தூருக்கு அதிவேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்தான். சிற்றூர்களில் மதியம் இரண்டு மணிக்குமேல் பல உணவகங்களில் அடுப்பு அணைந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை கடைகளும் பேருந்துகளும் குறைவு, எனவே பிள்ளைகளுக்குச் சாப்பாட்டைக் கையில் வைத்திருங்கள். உணவகங்கள் விலைப் பட்டியலை வெளியிலேயே வைக்க வேண்டும், குழாய்த் தண்ணீர் கேட்டால் காசில்லாமல் தர வேண்டும். அவசரம் என்றால் 112. திரும்பும் விமானம் எந்த நாட்டு நிறுவனத்துடையதாக இருந்தாலும், பாரிஸிலிருந்து கிளம்புவதால் ஐரோப்பிய விதி பொருந்தும்: நிறுவனத்தின் தவறால் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சென்னை சேர்ந்தால் தலைக்கு 600 யூரோ கேட்கலாம், பிள்ளைக்கு வாங்கிய டிக்கெட்டுக்கும் சேர்த்து. மோசமான வானிலைக்கு இது கிடையாது, ஆனால் காத்திருக்கும் நேரத்துக்குரிய சாப்பாடும், இரவானால் தங்குமிடமும் அப்போதும் உண்டு. பெட்டி வரவில்லை என்றால் சென்னை விமான நிலையத்தை விட்டு வெளியே வருமுன் அங்குள்ள கவுண்டரில் புகார் எழுதி நகல் வாங்குங்கள். பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கையில் கிடைத்த 21 நாளுக்குள்ளும் நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்தாக வேண்டும்.