மனத்துக்கும் மருந்து உண்டு



பேராக் மாநிலத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு மிரட்டல் நினைவிருக்கும். பிள்ளை அடம் பிடித்தால், "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானில் கொண்டுபோய் விட்டுவிடுவேன்" என்பார்கள். நானும் அதைக் கேட்டு வளர்ந்தவன்தான். அங்கே இருப்பது ஒரு மருத்துவமனை என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. போனவர் திரும்பாத ஊர் என்றே எண்ணியிருந்தேன்.

அந்தப் பயம் பிற்பாடு எனக்குக் கெடுதல் செய்தது. எங்கள் தோட்டம் கைமாறிய பிறகு, ஈப்போவுக்கு அருகே ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியேறினோம். நான் தொழிற்சாலையில் இரவு வேலைக்குச் சேர்ந்தேன். சில மாதங்களில் தூக்கம் போயிற்று. சோறு இறங்கவில்லை. விடிந்தால் நெஞ்சு கனக்கும். யாரோடும் பேசப் பிடிக்காது. அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டார். மாமா, "சும்மா யோசிக்காதே தம்பி" என்றார். எனக்கோ, டாக்டரிடம் போனால் அடைத்துவிடுவார்கள் என்ற அச்சம். இப்படியே ஆறு மாதம் வீணாயிற்று.

கடைசியில் தலைவலிக்கு மருந்து கேட்கத்தான் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த டாக்டர் தலைவலியோடு நிற்காமல், தூக்கத்தையும் பசியையும் பற்றிக் கேட்டார். "இது மனச்சோர்வு. குணப்படுத்தலாம்" என்றார். அன்று மருந்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத்தான் வந்தேன். என்னை யாரும் எங்கும் அடைக்கவில்லை.

நாம் அஞ்சும் அந்த மருத்துவமனையின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். அது திறக்கப்பட்டது 1911-ஆம் ஆண்டில். மனநோய்க்குத் தக்க மருந்து உலகில் எங்குமே இல்லாத காலம் அது. ஆகவே நோயாளிகளைப் பாதுகாப்பாக வைத்திருப்பதே பெரும் வேலையாக இருந்தது. பலர் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிவிட்டார்கள். போனவர் திரும்பமாட்டார் என்ற பேச்சு அப்படித்தான் பிறந்திருக்க வேண்டும். 1952-இல் பிரான்சு நாட்டு மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்னும் மருந்தை மனநோய்க்குக் கொடுத்துப் பலன் கண்டார்கள். அதன்பின் வேறு பல மருந்துகளும் வந்தன. கடுமையான நோய் கண்டவர்களும் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் நிலை ஏற்பட்டது. இன்று அந்த மருத்துவமனையின் பெயர் ஹோஸ்பிட்டல் பஹாகியா உலு கிந்தா. பஹாகியா என்றால் மகிழ்ச்சி என்பது நமக்கெல்லாம் தெரிந்த மலாய்ச் சொல்தானே! மனச்சோர்வு கண்டவர்களில் பெரும்பாலோர் அங்கே போக வேண்டிய அவசியமே இல்லை. பக்கத்துக் கிளினிக்கிலேயே சிகிச்சையைத் தொடங்கலாம்.

சரி, கவலைக்கும் மனச்சோர்வுக்கும் என்ன வேறுபாடு? பால்மரத்தையே எடுத்துக்கொள்வோம். ஒருநாள் பால் குறைவது வேறு. பட்டை வறண்டு பால் நின்றுபோவது வேறு. வறண்ட மரத்தை எவ்வளவு வெட்டினாலும் பால் வருமா? அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது மரம் வெட்டியவர்களுக்குத் தெரியும். மனமும் அப்படித்தான். கவலை வரும், போகும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் மனம் இருண்டிருப்பது, பிடித்த வேலையிலும் பற்று இல்லாமல் போவது, தூக்கமும் பசியும் கெடுவது, உடம்பு ஓய்ந்து போவது, "நான் யாருக்கும் பயனில்லாதவன்" என்று தோன்றுவது, இவை சேர்ந்து வந்தால் அது நோயின் அடையாளம். அவரைச் சோம்பேறி என்று ஏசுவது வறண்ட மரத்தைக் கத்தியால் கீறுவது போன்றதே.

இந்த நோய் அரிதானதும் அன்று. 2023-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் நூற்றுக்கு 4.6 பேருக்கு மனச்சோர்வு இருந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால், நூறு பெரியவர்கள் வாழும் ஓர் அடுக்குமாடியில் நாலைந்து பேர்!

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. தலைவலி மாத்திரை போல இது உடனே வேலை செய்யாது. பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும். பலன் தெரிந்ததும் தாமாகவே நிறுத்திவிடவும் கூடாது. டாக்டர் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். கோயிலுக்குப் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும், கிளினிக்குக்கும் போகட்டும். சம்சுவும் பீரும் மட்டும் மருந்தாகா. குடித்தவுடன் கண் செருகுவது உண்மைதான். ஆனால் நடு இரவில் விழிப்பு வந்துவிடும். மறுநாள் சோர்வு இன்னும் கூடும்.

தோட்டத்து லயத்தில் வறுமை இருந்தது, குறைகள் இருந்தன. ஆனாலும் ஒருவர் இரண்டு நாள் பெரட்டுக்கு வராவிட்டால், பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டிவிடுவார். அடுக்குமாடியில் கதவும் இரும்புக் கிராதியும் சாத்தியே கிடக்கின்றன. ஆகவே அன்று தானாக நடந்ததை இன்று நாம் வேண்டுமென்றே செய்ய வேண்டும். நாளுக்கு ஒருவரிடமாவது உட்கார்ந்து பேசுங்கள். மாலையில் சிறிது தூரம் நடந்துவிட்டு வாருங்கள். ஒரே நேரத்தில் படுத்து எழப் பழகுங்கள்.

யாராவது "இருந்து என்ன பயன்" என்று சொன்னால், அதைக் கேட்காதது போல் விட்டுவிடாதீர்கள். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மனச்சுமை இறங்கத்தான் வழி பிறக்கும். அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள களைக்கொல்லி மருந்துகளைப் பூட்டி வையுங்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். முன்பு தற்கொலைக்கு முயல்வது நம் நாட்டில் குற்றமாக இருந்தது. போலீசுக்குப் பயந்து மறைத்த குடும்பங்கள் உண்டு. 2023-இல் அந்தச் சட்டப்பிரிவு நீக்கப்பட்டுவிட்டது. இனி மறைக்கத் தேவையில்லை. சுகாதார அமைச்சு 2022-இல் தொடங்கிய 15555 என்ற தொலைபேசி எண்ணிலும் மனம் விட்டுப் பேசலாம்.

நேயர்களே, என் ஆறு மாதத்தைத் தின்றது நோய் மட்டுமன்று, ஓர் ஊர்ப் பெயரின் மீது எனக்கிருந்த பயமும்தான். பிள்ளைகளை மிரட்ட அந்தப் பெயரை இனிமேல் சொல்லாதிருப்போம். நாளைக்கு அந்தப் பிள்ளைக்கே உதவி தேவைப்படலாம். அன்று அது அஞ்சாமல் நம்மிடம் வந்து சொல்ல வேண்டும் அல்லவா?