அமீரக வரைபடம் ஏன் ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருக்கு?

ஷார்ஜாவில் வீடு, துபாயில் வேலை. வாடகைக் கணக்குப் பார்த்து இப்படி வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அல் நஹ்தா என்ற பெயரில் துபாயிலும் ஒரு ஏரியா இருக்கு, அதை ஒட்டியே ஷார்ஜாவிலும் ஒன்று இருக்கு. காரில் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் பசங்களுக்கு எமிரேட் மாறியதே தெரியாது.

ஆனா வரைபடத்தை ஒரு தடவை பெரிசாக்கிக் காட்டுங்க, கேள்வி மேல கேள்வி வரும். அஜ்மான் ஏன் மூணு துண்டா இருக்கு? கோர்ஃபக்கானும் கல்பாவும் ஃபுஜைரா பக்கத்துக் கடற்கரையில் இருந்தும் ஏன் ஷார்ஜாவோடது? திப்பா என்ற ஒரே ஊர் ஏன் ஃபுஜைரா, ஷார்ஜா, ஓமன் என்று மூன்று பேரிடம் இருக்கு? துபாயிலிருந்து ஹத்தா போகும் பழைய நேர் சாலை ஏன் நடுவில் கொஞ்ச தூரம் ஓமன் நிலத்தில் ஓடுது? எல்லாத்துக்கும் மேல மத்ஹா. சுற்றிலும் அமீரகம், நடுவில் ஓமனின் ஒரு துண்டு. அந்த ஓமன் துண்டுக்குள்ளே நஹ்வா என்ற ஷார்ஜா கிராமம்!

"யாருப்பா இப்படிக் கோடு போட்டாங்க?" என்று கேட்டால், "வெள்ளைக்காரன் ஸ்கேல் வெச்சுப் போட்டான்" என்று சொல்லிவிடுவோம். வளைகுடாவின் வேறு பகுதிகளுக்கு அது கிட்டத்தட்ட சரி. 1922 கடைசியில் உகைர் என்ற சிறு துறைமுகத்தில் ஒரு மாநாடு. ஈராக்கின் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் பெர்சி காக்ஸ் ஒரு பக்கம். பின்னாளில் சவூதி அரேபியாவை நிறுவிய இப்னு சவூத் இன்னொரு பக்கம். குலங்கள் எதுவரை மேய்கின்றனவோ அதுவரை எல்லை என்பது இப்னு சவூதின் வாதம். காக்ஸுக்கு வேண்டியது நிலத்தில் ஒரு கோடு. பல நாள் பேசியும் முடியாததால், அவரே சிவப்புப் பென்சிலை எடுத்து வரைபடத்தில் கோடு போட்டார் என்று கூட இருந்த அதிகாரி டிக்ஸன் எழுதியிருக்கிறார். குவைத் தன்னுடையது என்று சொன்ன நிலத்தில் பெரும்பகுதி இப்னு சவூதிடம் போனது. குவைத் ஆட்சியாளர் அந்த மாநாட்டில் இல்லவே இல்லை.

இன்று அமீரகமாக இருக்கும் பகுதியில் நடந்தது வேறு கதை. அப்போது அதன் பெயர் ட்ரூஷியல் ஸ்டேட்ஸ். கடலில் சண்டை போடுவதில்லை என்று ஷேக்குகள் பிரிட்டனோடு செய்த உடன்படிக்கைகளால் வந்த பெயர். பிரிட்டிஷாருக்குக் கடல் அமைதியா இருந்தால் போதும். பாலைவனத்தில் யாருடைய எல்லை எங்கே முடிகிறது என்று ரொம்ப காலம் அவர்கள் கவலைப்படவில்லை. ஷேக்குகளுக்கும் கோடு தேவைப்படவில்லை. யார் தன்னை ஏற்றுக்கொள்கிறார்களோ, அவர்கள் கிணறும் மேய்ச்சல் நிலமும் எதுவரையோ, அதுவரை அவர் ஆட்சி. பிடிக்கவில்லை என்றால் ஒரு குலம் வேறு ஷேக் பக்கம் போய்விடலாம்.

கோடு தேவைப்பட்டது எண்ணெய்க் கம்பெனிக்கு. 1930களில் ஷேக்குகளிடம் தனித்தனியாக ஒப்பந்தம் போட்டாச்சு. ஆனா ஒரு மணல்மேட்டில் தோண்டணும்னா எந்த ஷேக்கிடம் அனுமதி கேட்பது? 1940களில் துபாய்க்கும் அபுதாபிக்கும் எல்லைத் தகராறில் போரே நடந்தது. கடைசியில் 1950களில், ஷேக்குகளிடம் "தீர்ப்பை ஏற்றுக்கொள்கிறோம்" என்று எழுதி வாங்கிக்கொண்டு, பிரிட்டிஷார் விசாரணையில் இறங்கினார்கள்.

அந்த வேலை ஜூலியன் வாக்கர் என்ற, இருபதுகளின் நடுவில் இருந்த அதிகாரியிடம் வந்தது. நல்ல வரைபடம்கூட இல்லாத காலம். லேண்ட் ரோவரிலும் ஒட்டகத்திலும் ஊர் ஊராகப் போனார். இந்தக் கிணற்றை வெட்டியது யார்? இந்தப் பேரீச்சைத் தோட்டம் யாருடையது? இங்கே மேய்ப்பது எந்தக் குலம்? நீங்க யாருக்கு ஜகாத் கொடுக்கறீங்க? இதெல்லாம்தான் கேள்வி. மலைக்குள் ஒரு கிராமம் ஒரு ஷேக்கைச் சொல்லும், அடுத்த பள்ளத்தாக்கு இன்னொருவரைச் சொல்லும். அந்தப் பதில்களே வரைபடத்தில் துண்டு துண்டாக வந்து உட்கார்ந்தன. மத்ஹாவைப் பற்றியும் இப்படி ஒரு கதை உண்டு: ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி மஸ்கட் சுல்தானைத் தேர்ந்தெடுத்தார்கள், நஹ்வா மட்டும் ஷார்ஜா பக்கம் நின்றது என்பார்கள்.

ஸ்கேலை விட இது எவ்வளவோ மேல்தானே? மேல்தான். ஆனா விசுவாசத்தை ஆதாரமாக எடுத்தால் அதை விலைக்கு வாங்கவும் ஆள் வரும். 1952இல் சவூதி அதிகாரி ஒருவர் ஆட்களோடு புரைமி சோலைக்கு வந்து, விருந்தும் பரிசும் கொடுத்து, குலத்தவர்களின் ஆதரவைத் திரட்டினார். விவகாரம் ஜெனீவா நடுவர் மன்றம் வரை போய் முறிந்தது. 1955 அக்டோபரில் பிரிட்டிஷார் படையை அனுப்பி சவூதி ஆட்களை வெளியேற்றினார்கள்.

இன்னொரு சிக்கல் இதைவிட ஆழமானது. காலத்துக்கு ஏற்ப மாறக்கூடிய ஒரு பதிலை, கேட்ட அன்று இருந்தபடியே நிரந்தரமாக்கிவிட்டார்கள். அன்று அது ஜகாத் யாருக்கு என்பதுதான். பிறகு எண்ணெய் வந்தது. இன்று அமீரகத்தின் எண்ணெய் இருப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் அபுதாபி எமிரேட்டில்தான். தாத்தா சொன்ன பதில், பேரன் எந்த எமிரேட் குடிமகன் என்பதை முடிவு செய்தது.

கோடு போட்டதோடு சண்டையும் முடியவில்லை. அமீரகம் உருவானது 1971 டிசம்பர் 2. அடுத்த ஆண்டே கல்பா அருகே ஒரு சின்ன நிலத்துக்காக ஷார்ஜா பக்கத்தாரும் ஃபுஜைரா பக்கத்தாரும் மோதினார்கள். பல உயிர் போனது. துபாய், ஷார்ஜா எல்லையும் நடுவர் மன்றம் போனது. 1950களில் பிரிட்டிஷ் ஏஜென்ட் ட்ரிப் சொன்ன முடிவுகள் முறையான நடுவர் தீர்ப்பா என்று அந்த மன்றம் ஆராய்ந்தது. இல்லை, அவை நிர்வாக முடிவுகளே என்று 1981இல் சொன்னது. ஆனாலும் ஆட்சியாளர்கள் சம்மதித்திருந்ததால் அவை அவர்களைக் கட்டுப்படுத்தும் என்றும் சொன்னது.

அதனால பசங்க கேட்டா, "ஸ்கேல் வெச்சுப் போட்டான்" என்று முடிச்சுடாதீங்க. இங்கே அதிகாரி ஊர் ஊராகப் போய்க் கேட்டார், மக்கள் சொன்ன பதில்தான் இந்தத் துண்டுகள் என்று சொல்லுங்க. கூடவே இதையும் சொல்லணும்: எப்போ கேட்கணும், எதுக்குக் கேட்கணும் என்பதை முடிவு செய்தது அந்த மக்கள் இல்லை.