ஒப்பிரேசனுக்கு முன் பிரஷர் பார்ப்பது ஏன்?

நாள் குறித்து, வெறும் வயிற்றோடு வைத்தியசாலைக்குப் போய், "பிரஷர் கூடிக் கிடக்கிறது, பிறகு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நம்மிடையே உண்டு. வயிற்றில் வெட்டுவதற்கும் பிரஷருக்கும் என்ன தொடர்பு என்று அவர்கள் கோபிப்பதில் நியாயமிருக்கிறது. விளக்கம் சொல்வார் குறைவு.

முழு மயக்கத்தில் தசைகளைத் தளர்த்த மருந்து ஏற்றினால் நோயாளி தானாக மூச்சு விடமாட்டார். ஆகவே வாய்வழியே மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயைச் செலுத்தி ஒட்சிசன் கொடுப்பார்கள். அதற்காக உலோக அலகொன்றினால் நாக்கின் அடியைத் தூக்க வேண்டும். நோயாளிக்கு இது தெரியாது, உடம்புக்குத் தெரியும். தொண்டை நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்ப, அட்ரினலின் போன்ற சுரப்புகள் பெருகி, இதயம் வேகமாக அடித்து, இரத்த அழுத்தம் ஏறும். 1940 இலேயே ரீட், பிரேஸ் என்னும் இருவர் இதைப் பற்றி எழுதினார்கள்.

பிரஷர் இல்லாதவருக்கு மேல் அளவு 20, 25 மில்லிமீற்றர் மட்டில் ஏறி, சில நிமிடங்களில் இறங்கிவிடும். பிரஷர்காரரின் இரத்தக் குழாய்களோ தடித்து விறைத்தவை. வெயிலில் காய்ந்த பழைய இறைப்புக் குழாயை நினைத்துப் பாருங்கள். மெசினின் வேகம் கூடினால் புதுக்குழாய் சற்று விரிந்து கொடுக்கும், பழையது கொடாது. அவருக்கு ஏற்றம் மிகக் கூடுதல். மாரடைப்போ மூளையில் இரத்தக்கசிவோ வரக்கூடும். இன்னொரு விசித்திரம்: மயக்க மருந்து ஏறியதும், குழாய் வைக்குமுன், அதே ஆளின் அழுத்தம் மற்றவர்களைவிட ஆழமாக விழும். முதலில் பள்ளம், உடனே மேடு. 1971இல் ஒக்ஸ்போர்ட்டில் பிரிஸ்-ரொபர்ட்ஸ் குழுவினர் இதை அளந்து காட்டினார்கள்.

மயக்க மருந்து வைத்தியர் சும்மா இருப்பதில்லை. பென்ரனில், லிக்னொக்கெயின், எஸ்மொலோல் போன்ற மருந்துகளால் ஏற்றத்தை அடக்குவார். குழாயை விரைவாக வைப்பார். சிறிது கூடியதற்கெல்லாம் ஒப்பிரேசனைத் தள்ளவும் தேவையில்லை. 180/110 இற்குக் கீழே இருந்தால் தொடரலாம் என்பது 2016இல் பிரித்தானிய மருத்துவர்கள் வெளியிட்ட வழிகாட்டல்.

இடம் மாறும்போது கிளினிக் கொப்பி தொலைகிறது, குளிசை முடிகிறது. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் அதை மறைக்கிறோம். மறைக்க வேண்டாம். எத்தனை நாளாகக் குளிசை இல்லை என்பதைச் சொல்லுங்கள். அட்டெனலோலைத் திடீரென நிறுத்தக்கூடாது; எனலாபிரில், லொசாட்டன் போன்றவற்றை அன்று காலை விடச் சொல்லக்கூடும். கொப்பி இல்லாவிட்டால் வெறும் குளிசை மட்டையையாவது கையோடு கொண்டு போங்கள். அன்று எதை விழுங்குவது, எதை விடுவது என்பதை முதல்நாளே வார்ட்டில் கேட்டுவிடுங்கள்.