போர்டோ கலவை தயாரிப்பில் விகிதக் கணக்கு

பருவமழை தொடங்கிவிட்டால் தென்னந்தோப்புகளில், குறிப்பாக இளமரங்களில், குருத்தழுகல் நோய் தலைகாட்டும். நடுக்குருத்து நிறம் மாறி வாடும். பிடித்து இழுத்தால் துர்நாற்றத்துடன் கையோடு வந்துவிடும். இந்நோய்க்குக் காரணமான பூசணத்தைக் கட்டுப்படுத்தப் போர்டோ கலவை நல்ல மருந்து. பிரான்சு நாட்டின் போர்டோ பகுதித் திராட்சைத் தோட்டங்களுக்காக 1885-ஆம் ஆண்டில் மில்லார்டே என்ற விஞ்ஞானி வெளியிட்ட இம்மருந்தை விவசாயிகள் வீட்டிலேயே தயாரித்துக் கொள்ளலாம். ஆனால் தெளித்தும் பலனில்லை என்றோ, இலை கருகிவிட்டது என்றோ சிலர் குறைப்படுவதுண்டு. பெரும்பாலும் குற்றம் மருந்தில் இல்லை, அளவில்தான் இருக்கும்.

ஒரு சதக் கலவைக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர் தேவை. அதாவது 1:1:100. நாலைந்து மரம் வைத்திருப்பவருக்கு 100 லிட்டர் எதற்கு? மூன்றையும் பத்தால் வகுத்தால் துத்தம் 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் 10 லிட்டர். அளவு குறைந்தது, விகிதம் மாறவில்லை. எல்லாவற்றையும் ஒரே எண்ணால் பெருக்கியோ வகுத்தோ பெறும் இதைத்தான் பள்ளிக்கூடத்தில் சமான விகிதம் என்கிறார்கள்.

10 லிட்டர் தெளிப்பானுக்குப் பழகிய கை, 16 லிட்டர் பேட்டரித் தெளிப்பான் வந்த பிறகும் அதே 100 கிராமைத்தான் போடுகிறது. லிட்டருக்கு 10 கிராம் இருக்க வேண்டிய துத்தம் 6 கிராம் சொச்சமாகிவிடுகிறது. இது பூசணத்துக்குச் செய்யும் உபகாரம். வேறு சிலர், "மழைக்காலம், கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்று துத்தத்தை மட்டும் 50 கிராம் கூட்டுவார்கள். 1:1 என்பது 3:2 ஆகிவிடும். சுண்ணாம்புக்கு அடங்காத துத்தம் இலையைக் கருக்கும். லிட்டருக்கு 10 கிராம் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். 16 லிட்டருக்கு இரண்டும் 160 கிராம் வீதம் என்பது தானே வரும்.

நோய் கண்ட தென்னையில் அழுகிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, பத்து சதப் போர்டோ பசையைத் தடவ வேண்டும். இதன் விகிதம் 1:1:10. ஒரு லிட்டர் தண்ணீருக்குத் துத்தமும் சுண்ணாம்பும் தலா 100 கிராம். சுற்றியுள்ள மரங்களின் குருத்துக்கு ஒரு சதக் கலவையே போதும். வெற்றிலைக் கொடிக்காலில் வாடல் நோய்க்கு வேரடியில் ஊற்றுவதோ கால் சதம், அதாவது 1:1:400. இதற்கு 16 லிட்டருக்குத் தலா 40 கிராம்தான். துத்தமும் சுண்ணாம்பும் மூன்றிலும் சரிக்குச் சரி. தண்ணீர் மட்டுமே மாறுகிறது. தென்னைக்குக் கலக்கியதில் மீந்ததைக் கொடிக்காலில் ஊற்றினால் நான்கு மடங்கு மருந்து போய்ச் சேரும்.

பாதித் தண்ணீரில் துத்தத்தையும், மறுபாதியில் சுண்ணாம்பையும் தனித்தனியே கரைக்க வேண்டும். மண்பானை அல்லது பிளாஸ்டிக் வாளி நல்லது. இரும்புப் பாத்திரம் ஆகாது. சுண்ணாம்புக் கரைசலில் துத்தக் கரைசலை ஊற்றிக் கலக்க வேண்டும், மாற்றி ஊற்றக்கூடாது.

தராசு சரியாக இருந்தாலும் சுண்ணாம்பு பழையதாக இருக்கலாம். காற்றுப்பட்டுப் பூத்துப்போன சுண்ணாம்பில் கிலோவுக்குக் கிலோ வீரியம் இராது. ஆகவே தீட்டிய இரும்புக் கத்தியைக் கலவையில் ஒரு நிமிடம் வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். கத்தியில் செம்புநிறம் படிந்தால், படிவது நிற்கும்வரை சுண்ணாம்புக் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, வடிகட்டி அன்றே தெளித்துவிட வேண்டும்.